கெல்ட்டும் இந்தியாவும்: விட்லி ஸ்டோக்ஸை முன்வைத்து ஒரு பழைய கேள்வி

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள மேட்டுநிலங்களில் பழங்காலக் கல்திட்டைகள் இருக்கின்றன. பலகைக் கற்களைச் சுற்றிலும் நிறுத்தி, மேலே ஒரு மூடுகல்லைச் சாத்திய ஈமச் சின்னங்கள் அவை. தமிழகத்து மலைப்பகுதிகளில் இவற்றைப் பாண்டவர் வீடு என்றும் குள்ளர் வீடு என்றும் ஊரார் சொல்வதுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவில் இத்தகைய கற்களைக் கண்ட ஆங்கில அதிகாரிகள் வேறு பெயர்களைச் சூட்டினார்கள்: குரோம்லெக், கிஸ்ட்வேன், டால்மென். இவை வேல்ஸ் நாட்டிலும் பிரான்சின் பிரிட்டனிப் பகுதியிலும் வழங்கும் கெல்டிக் மொழிகளிலிருந்து எடுத்தவை.

அதே மலையடிவாரத்தில் இன்று ஒருவர் நிலத்தைக் கிரயம் செய்தால், அது 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் கீழ் வருகிறது. அந்தச் சட்டம் நிறைவேறியபோது வைசிராயின் அவையில் சட்ட உறுப்பினராக இருந்தவர் விட்லி ஸ்டோக்ஸ் என்ற டப்ளின்காரர். சட்டம் அவருக்குச் சோறு போட்ட தொழில். உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது பழைய ஐரிஷ், கார்னிஷ், பிரெட்டன் ஆகிய கெல்டிக் மொழிகளின் பதிப்பாசிரியராக.

கெல்டிக் உலகத்துக்கும் இந்தியாவுக்கும் உண்மையில் என்ன உறவு? இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்கப்பட்டுவரும் கேள்வி இது. சிலர் மொழியைக் காட்டிப் பதில் சொன்னார்கள், சிலர் சட்டத்தை, சிலர் கற்களை. இந்தப் பதில்கள் எங்கிருந்து வந்தன, எவை நின்றன, எவை விழுந்தன என்று பார்க்க ஸ்டோக்ஸின் வாழ்க்கை வசதியான ஒரு மையம். ஏனெனில் மூன்று விவாதங்களும் அவர் காலத்தில்தான் சூடுபிடித்தன.

கற்பனைக் காலம்

1786 பிப்ரவரியில் கல்கத்தா ஆசியவியல் கழகத்தில் வில்லியம் ஜோன்ஸ் ஆற்றிய உரை சம்ஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்றது. கோதிக்கையும் கெல்டிக்கையும் அதே வரிசையில் வைக்க இடமுண்டு என்றும், ஆனால் அவை வேறொரு மொழியோடு கலந்து போயிருக்கின்றன என்றும் அவர் சொன்னார். கெல்டிக்குக்குப் பாதிக் கதவுதான் திறந்தது.

அந்த இடைவெளியில் கற்பனை புகுந்தது. அயர்லாந்தில் இராணுவப் பொறியாளராக இருந்த சார்லஸ் வாலன்சி ஐரிஷ் மொழியைப் பினீசியத்தோடும் கீழைத்தேச மொழிகளோடும் மனம்போல இணைத்து நூல்கள் எழுதினார். இந்தியாவில் பிரான்சிஸ் வில்ஃபோர்டு புராணங்கள் சொல்லும் வெண்தீவு பிரிட்டன்தான் என்று காட்ட முயன்றார். தனக்கு உதவிய பண்டிதர் ஏடுகளில் கைவைத்துப் போலிச் சான்றுகளைச் சேர்த்திருந்தார் என்று 1805இல் அவரே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. துருயிதுகள் என்ற கெல்டிக் பூசாரிகளும் பிராமணர்களும் ஒரே குலம் என்ற பேச்சும் இக்காலத்தில் பரவியதுதான்.

இந்தத் தலைமுறையின் பலவீனம் அறிவின்மை என்று சொல்லிவிட முடியாது. வாலன்சியும் வில்ஃபோர்டும் நிறையப் படித்தவர்கள். இரண்டு மொழிகளில் ஒலியொத்த சொற்கள் கிடைத்தால் போதும் என்று அவர்கள் நினைத்தார்கள். ஒலிகள் மாறுவதற்கு விதி உண்டு என்பது இன்னும் நிறுவப்படவில்லை.

மொழி: தீர்ந்த வழக்கு

அடுத்த ஐம்பது ஆண்டுகளில் நிலைமை மாறியது. ஜேம்ஸ் பிரிச்சர்டு 1831இலும், அடோல்ஃப் பிக்தே 1837இலும், அவர்களைத் தொடர்ந்து பிரான்ஸ் பாப்பும் கெல்டிக் மொழிகள் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று முறைப்படி வாதிட்டார்கள். 1853இல் ஜெர்மானியர் யோஹான் காஸ்பார் சோய்ஸ் லத்தீனில் வெளியிட்ட கெல்டிக் இலக்கண நூல் வழக்கை முடித்துவைத்தது. எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் ஐரிஷ் துறவிகள் லத்தீன் நூல்களின் ஓரத்திலும் வரிகளுக்கு நடுவிலும் எழுதிவைத்த சொற்பொருள் குறிப்புகளே சோய்ஸின் சான்றுகள். நம் உரையாசிரியர்கள் செய்த வேலைக்கு ஒப்பான அந்தக் குறிப்புகள்தாம் பழைய ஐரிஷ் மொழியை மீட்டுத் தந்தன.

கெல்டிக் ஏன் இவ்வளவு காலம் ஏமாற்றியது என்பதற்குக் காரணம் உண்டு. மூலமொழியின் பகரம் கெல்டிக்கில் பெரும்பாலும் மறைந்துவிட்டது. லத்தீனில் பாதெர், சம்ஸ்கிருதத்தில் பித்ரு. பழைய ஐரிஷில் அதிர். தமிழின் பால் கன்னடத்தில் ஹாலு ஆவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். இன்னொரு தடை, சொல்லின் முதலெழுத்தே இலக்கணத்துக்கேற்ப மாறுவது. வெல்ஷ் மொழியில் தலையைக் குறிக்கும் பென் என்ற சொல், 'என் தலை' எனும்போது மென் என்றும் 'அவள் தலை' எனும்போது ஃபென் என்றும் வரும். வினைச்சொல் வாக்கியத்தின் முதலில் நிற்கும் வழக்கமும் சேர்ந்துகொண்டது.

இந்தக் கடைசி இயல்பைப் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. வேல்ஸ் அறிஞர் ஜான் மோரிஸ்-ஜோன்ஸ் 1900இல், பிரிட்டன், அயர்லாந்துத் தீவுகளின் கெல்டிக் மொழிகளுடைய வாக்கிய அமைப்பு அதற்கு முன் அங்கே பேசப்பட்ட, எகிப்திய, பெர்பெர் மொழிகளை ஒத்த ஏதோ ஒரு மொழியின் எச்சம் என்றார். யூலியஸ் பொகோர்னியும் ஹைன்ரிஷ் வாக்னரும் அந்த யோசனையை வளர்த்தார்கள். எதிர்ப்பாளர்கள் கேட்பது எளிய கேள்வி: அந்த அடித்தள மொழியின் ஒரு வரியாவது எங்கே? வினை முன்னால் நிற்பது உலகின் பல மூலைகளில் தனித்தனியே தோன்றியிருக்கிறது. குடும்ப உறவு தீர்ந்த விஷயம். கட்டமைப்பின் பிறப்பு தீராதது.

டப்ளினிலிருந்து சென்னைக்கு

ஸ்டோக்ஸ் 1830 பிப்ரவரி 28 அன்று டப்ளினில் பிறந்தார். தந்தை வில்லியம் ஸ்டோக்ஸ் பெயர்பெற்ற மருத்துவர். மரணப் படுக்கையில் காணும் ஒருவகை மூச்சிரைப்புக்குச் செயின்-ஸ்டோக்ஸ் சுவாசம் என்ற பெயர் இன்றும் மருத்துவ நூல்களில் இருக்கிறது. அதில் பாதி அவருடையது. தங்கை மார்கரெட் அயர்லாந்தின் தொல்பொருள்களைப் பற்றி எழுதியவர். ஜான் ஓ'டோனவன், யூஜின் ஓ'கரி, ஜார்ஜ் பெட்ரி ஆகிய ஐரிஷ் ஆய்வாளர்கள் அந்தக் குடும்பத்தின் நட்பு வட்டம். டிரினிட்டி கல்லூரியில் ருடால்ஃப் சீக்ஃபிரீடு என்ற ஜெர்மானியரிடமிருந்து சம்ஸ்கிருதமும் ஒப்பிலக்கணமும் ஸ்டோக்ஸுக்குக் கிடைத்தன. சோய்ஸின் நூல் வெளிவந்து சில ஆண்டுகளே ஆன நேரம் அது.

1855இல் இலண்டனில் வழக்கறிஞரானார். வழக்குகள் குவியவில்லை. 1862இல் சென்னைக்குக் கப்பலேறினார்.

அந்த ஆண்டுதான் சென்னை உயர் நீதிமன்றம் தொடங்கியது. அதன் தொடக்ககாலத் தீர்ப்புகளைத் தொகுத்து அச்சிட்டவர்களில் ஸ்டோக்ஸ் முதன்மையானவர். மிதாட்சரம், தாயபாகம் முதலிய இந்துச் சட்ட நூல்களின் ஆங்கில ஆக்கங்களைத் திரட்டி அவர் பதிப்பித்த தொகுதி 1865இல் சென்னையில் வெளிவந்தது. பிறகு கல்கத்தாவில் சட்டமியற்றும் துறையின் செயலாளர். 1877 முதல் 1882 வரை வைசிராய் அவையின் சட்ட உறுப்பினர். 1879இல் அமைந்த சட்ட ஆணையத்தில் அவரோடு இருந்தவர்கள் சென்னைத் தலைமை நீதிபதி சார்லஸ் டர்னரும் பம்பாயின் ரேமண்டு வெஸ்ட்டும். காசோலை வழக்குகளுக்கு அடிப்படையான 1881ஆம் ஆண்டுச் சட்டமும், 1882இன் சொத்துரிமை மாற்று, டிரஸ்ட், வசதியுரிமைச் சட்டங்களும் அவருடைய காலத்தவை. இந்த நான்கும் திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கின்றன. ஓய்வுக்குப் பின் இலண்டனில் வாழ்ந்து 1909 ஏப்ரல் 13 அன்று காலமானார்.

கல்கத்தாவில் அச்சான ஐரிஷ்

இருபது ஆண்டு இந்திய வாழ்க்கையில் அவருடைய கெல்டிக் பணி நிற்கவில்லை. ஐரிஷ் சொற்குறிப்புகளின் தொகுப்பு 1866இல் கல்கத்தாவில் அச்சானது. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறந்த அரசரும் ஆயருமான கோர்மக்கின் பெயரால் வழங்கும் சொற்பொருள் நூலை, ஓ'டோனவனின் மொழிபெயர்ப்போடு 1868இல் அதே நகரில் வெளியிட்டார். டிராய் நகரின் அழிவைச் சொல்லும் இடைக்கால ஐரிஷ் கதை 1881இல் அங்கேயே வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிக்குள் வழக்கொழிந்துபோன கார்னிஷ் மொழியில் எஞ்சிய சில நாடகங்களுள் ஒன்றான புனித மெரியசெக்கின் சரிதத்தை 1872இல் பதிப்பித்தார்.

தமிழ்ப் பதிப்பு வரலாற்றோடு இதை வைத்துப் பார்க்கலாம். கோர்மக்கின் நூல் வந்த அதே 1868இல்தான் சி.வை. தாமோதரம் பிள்ளை தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு பதிப்பித்தார். ஸ்டோக்ஸ் புனித பேட்ரிக்கின் முப்பகுதிச் சரிதத்தைக் கொண்டுவந்த 1887இல் உ.வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணி வந்தது. ஒருவரை ஒருவர் அறிந்திருந்தார்கள் என்பதற்கில்லை. ஏட்டிலிருந்து அச்சுக்கு ஒரு பழைய இலக்கியத்தை மாற்றும் வேலை இரு மொழிகளிலும் ஒரே தலைமுறையில் நடந்தது என்பதே செய்தி.

ஓய்வுக்காலம் இன்னும் விளைச்சல் மிக்கது. அடால்பெர்ட் பெத்ஸன்பெர்கருடன் 1894இல் தொல்கெல்டிக் சொற்களஞ்சியம். ஜான் ஸ்ட்ராக்கனுடன் 1901, 1903இல் இரண்டு பெருந்தொகுதிகளாகப் பழைய ஐரிஷ் குறிப்புகளின் முழுத் திரட்டு. பின்னது நூறாண்டு கடந்தும் மாணவர்கள் கையில் இருக்கிறது.

அவரைப் பற்றிய மதிப்பீடுகள் இரண்டு வகை. துறையை நிலைநிறுத்தியவர் அவரே, நூல்கள் இல்லாவிட்டால் ஆராய்ச்சி ஏது என்பது ஒன்று. மற்றொன்று குறைகளை எண்ணுகிறது. மூலச் சுவடிகள் டப்ளினிலும் ஆக்ஸ்போர்டிலும் ஐரோப்பிய மடங்களிலும் கிடக்க, அவர் கல்கத்தாவிலிருந்து படிகளையும் பிரதிகளையும் நம்பி வேலை செய்தார், பிழைகள் நேர்ந்தன. ஓயங்கஸின் புனிதர் நாட்காட்டியை 1880இல் பதிப்பித்தவர் 1905இல் அதை மறுபடியும் பதிப்பிக்க வேண்டியிருந்தது. சில இடங்களில் நாகரிகம் கருதி மூலத்தின் பகுதிகளை விட்டுவிட்டார் என்ற குறையும் உண்டு. பிறர் பிழைகளிடம் அவர் காட்டிய கடுமையும் பெயர்பெற்றது: ராபர்ட் அட்கின்சனின் பதிப்பையும், அயர்லாந்தின் பண்டைச் சட்டங்களுக்கு அரசு வெளியிட்ட மொழிபெயர்ப்பையும் அவர் அச்சில் கிழித்தெறிந்தார். தன் பிழையைத் தானே திருத்தி மறுபதிப்புப் போடும் பழக்கமும் அதே மனிதரிடம் இருந்ததால், இரண்டு மதிப்பீடுகளையும் ஒருசேர ஏற்பதில் முரண் இல்லை.

சட்டமும் வழக்கமும்: மெயினிலிருந்து டில்லன் வரை

கெல்ட்-இந்திய உறவில் இன்றும் சர்ச்சைக்குரிய பகுதி வழக்காறுகள். அதைப் பெரிய அளவில் தொடங்கியவர் ஹென்றி மெயின். 1862 முதல் 1869 வரை வைசிராயின் சட்ட உறுப்பினர்; ஸ்டோக்ஸின் மேலதிகாரி. மெயினின் இந்தியப் பேச்சுகளையும் குறிப்புகளையும் தேர்ந்து 1892இல் பதிப்பித்தவரும் ஸ்டோக்ஸே.

மெயின் 1875இல் வெளியிட்ட ஆதி நிறுவனங்களின் வரலாறு பற்றிய நூலில், பிரெஹன்கள் எனப்பட்ட ஐரிஷ் நீதிமான்களின் சட்டத்தையும் இந்திய வழக்கத்தையும் அருகருகே வைத்தார். அவற்றில் புகழ்பெற்றது உண்ணாநோன்பு. உயர்குடியினர் ஒருவரிடமிருந்து கடனையோ நியாயத்தையோ பெற வேண்டியவர், அவர் வீட்டு வாசலில் உண்ணாமல் இருக்க வேண்டும் என்றது ஐரிஷ் சட்டம். இந்தியாவில் இதற்கு இணை தர்ணா. கடன்பட்டவன் வாசலில் உட்கார்ந்து தெய்வக் குற்றத்தை அவன் தலையில் ஏற்றும் இந்த வழக்கத்தை 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 508ஆம் பிரிவு குற்றமாக்கியது. எடுத்துக்காட்டாக தர்ணாவையே சொன்னது. 2023இன் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது 354ஆம் பிரிவாகத் தொடர்கிறது.

பிரெஞ்சு அறிஞர் ழோசெஃப் வாந்த்ரியேஸ் 1918இல் மொழிச்சான்று சேர்த்தார். சமயம், சட்டம், அரசு சார்ந்த சில சொற்கள் இந்தோ-ஈரானியத்திலும் இத்தாலிய, கெல்டிக் மொழிகளிலும் மட்டும் எஞ்சி, நடுவிலுள்ள மொழிகளில் இல்லை என்றார். சம்ஸ்கிருத ராஜனும் ஐரிஷ் ரீயும், சிரத்தையும் ஐரிஷில் 'நம்புகிறான்' என்று பொருள்படும் கிரெதிதும் அவர் காட்டியவை. குடும்பத்தின் இரு ஓரங்களிலும் பூசாரிக் குழுக்கள் இருந்ததால் பழமை காக்கப்பட்டது என்பது அவர் விளக்கம்.

இதன் முழு வளர்ச்சி மைல்ஸ் டில்லன். டப்ளினில் சம்ஸ்கிருதம் கற்பித்த இவர், 1947இல் ஐரிஷ் மரபின் தொன்மை குறித்து ஆற்றிய உரையிலும், சத்தியத்தின் ஆற்றலால் அற்புதம் நிகழ்த்தும் இந்தியக் கதைகளை அரசனின் வாய்மையால் நாடு செழிக்கும் என்ற ஐரிஷ் நம்பிக்கையோடு ஒப்பிட்ட கட்டுரையிலும், இரண்டும் பொது மூதாதை விட்டுச்சென்ற சொத்து என்றார். கெல்ட்டுகளும் ஆரியரும் பற்றிய அவருடைய நூலை, அவர் மறைவுக்குப் பின் 1975இல் சிம்லாவின் இந்திய உயராய்வு நிறுவனம் வெளியிட்டது.

மறுப்புக் குரல்கள்

எதிர்வாதம் மூன்று திசைகளில் வந்தது.

முதலாவது, மூலபாடம். மெயின் நம்பிய அரசு மொழிபெயர்ப்பில் பிழைகள் மலிந்திருந்தன. ஸ்டோக்ஸே அதைச் சொன்னார். ஐரிஷ் சட்டங்களின் முழுமையான மூலத் திரட்டு 1978இல்தான் டேனியல் பின்ச்சியின் கையால் ஆறு தொகுதிகளாக வந்தது.

இரண்டாவது, காலம். ஐரிஷ் சட்டங்கள் ஏழு, எட்டாம் நூற்றாண்டுகளில் எழுதப்பட்டவை. அப்போது அயர்லாந்து கிறித்தவ நாடு. டொன்ச்சா ஓ கொராய்ன், லியம் பிரெட்னாக், ஏடன் பிரீன் மூவரும் 1984இல் எழுதிய கட்டுரை, ஆதிகால மிச்சம் என்று கருதப்பட்ட பலவற்றில் விவிலியத்தின், திருச்சபைச் சட்டத்தின் செல்வாக்கைக் காட்டியது. கிம் மக்கோன் 1990இல் இதை ஐரிஷ் இலக்கியம் முழுவதற்கும் விரித்தார். எழுதியவர் துறவி என்றால், எழுதப்பட்டதை இந்தோ-ஐரோப்பியப் பூசாரியின் குரலாகக் கேட்பது எப்படி என்பது அவர்கள் கேள்வி.

மூன்றாவது, சொற்களே. ராஜன், ரீ இணை அசைக்க முடியாதது என்று கருதப்பட்டது. வேதத்தில் வரும் அந்தச் சொல்லின் பழைய பொருள் அரசன்தானா என்று ஆண்ட்ரூ சிஹ்லர் 1977இலும், ஹார்ட்மூட் ஷார்ஃபே 1985இலும் ஐயம் எழுப்பினார்கள். பெரும்பாலோர் இன்னும் பழைய கருத்திலேயே இருக்கிறார்கள். ஆனால் உறுதி முன்போல் இல்லை.

மறுப்பாளரின் வாதத்திலும் ஓட்டை உண்டு. ஒரு நூல் கிறித்தவர் கையால் எழுதப்பட்டது என்பதால் அதிலுள்ள வழக்கமெல்லாம் கிறித்தவத்தோடு வந்தது என்றாகிவிடாது. வாசலில் உண்ணாமல் அமர்ந்து கடன் கேட்கும் முறைக்கு விவிலியத்தில் முன்மாதிரி காட்டுவது கடினம். கால்வெர்ட் வாட்கின்ஸ் போன்றோர் ஐரிஷ் செய்யுளின் யாப்பிலும் தொடர்களிலும் தொன்மையைக் கண்டது தனிச் சான்று. இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் நடுவழியில் நிற்கிறார்கள்: ஒவ்வோர் ஒற்றுமையையும் தனித்தனியே சோதி, மொத்தமாக ஏற்காதே, மொத்தமாகத் தள்ளாதே.

இருபதாம் நூற்றாண்டின் உண்ணாவிரதங்களை இந்த விவாதத்தில் இழுப்பவர்களும் உண்டு. கார்க் நகர மேயர் டெரன்ஸ் மக்ஸ்வீனி 1920இல் 74 நாள் உண்ணாமல் இறந்ததும், லாகூர்ச் சிறையில் ஜதீந்திரநாத் தாஸ் 1929இல் 63 நாள் உண்ணாமல் இறந்ததும் வரலாற்றில் அருகருகே நிற்பவை. ஆனால் அது இரு காலனி நாடுகள் செய்தித்தாள் வழியே ஒன்றையொன்று கவனித்த கதை. பழைய வழக்கங்களின் பொது மூலத்துக்கு அது சான்றாகாது.

கற்கள்: விழுந்த வாதம்

கல்திட்டைகள் பற்றிய பதில்தான் மிகத் தெளிவாகத் தோற்றது. ஆங்கில அதிகாரி மெடோஸ் டெய்லர் 1860களில் அயர்லாந்து அரச கழகத்தின் இதழில் தக்காணத்துக் கற்சின்னங்களை விவரித்தபோது, கெல்டிக், துருயிது, சித்தியச் சின்னங்கள் என்ற மூன்று பெயர்களையும் தலைப்பிலேயே வைத்தார். எங்கெங்கே கல்திட்டையோ அங்கெல்லாம் ஒரே இனம் நடந்துபோனது என்ற எண்ணம் அன்று பரவலாக இருந்தது.

காலக்கணக்கு அதை முறித்தது. மேற்கு ஐரோப்பாவின் பெருங்கற்கள் பெரும்பாலும் கி.மு. ஐந்தாம் ஆயிரத்திலிருந்து மூன்றாம் ஆயிரம் வரையிலான புதிய கற்காலத்தவை. கெல்டிக் மொழியின் மிகப் பழைய எழுத்துச் சான்று வட இத்தாலியில் கி.மு. ஆறாம் நூற்றாண்டையொட்டியது. ஐரோப்பியக் கற்களைக்கூடக் கெல்ட்டுகள் நட்டதாகச் சொல்ல வழியில்லை. தென்னிந்தியச் சின்னங்களோ பெரும்பாலும் இரும்புக் காலத்தவை. கல் கிடைக்கும் மலையில் கல்லால் ஈமச் சின்னம் கட்ட எவரும் எவரிடமும் கற்க வேண்டியதில்லை. ஜவ்வாது மலையின் கல்திட்டைகளுக்கு விளக்கம் பாலாற்று, தென்பெண்ணைச் சமவெளிகளின் தொல்லியலில் தேடப்பட வேண்டியது.

தமிழ்ச் சான்று எங்கே நிற்கிறது

இத்தனை விவாதத்திலும் தமிழ் பெரும்பாலும் வெளியே நிற்கிறது. அயர்லாந்தில் பிறந்து இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளைத் தனிக் குடும்பமாக நிறுவியபின், கெல்டிக்கோடு ஒப்பிடும் இந்தியா என்றால் சம்ஸ்கிருத இந்தியா என்றே பொருளாயிற்று. மொழியாய்வுக்கு அது சரி. வழக்காற்று ஆய்வுக்கு அது இழப்பு.

தர்ணாவையே எடுத்துக்கொள்ளலாம். பதிமூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகக் கடற்கரையான மாபாருக்கு வந்த மார்கோ போலோ, கடன் கொடுத்தவர் கடனாளியைச் சுற்றி மண்ணில் வட்டம் போட்டால், கடனைத் தீர்க்காமல் அவர் அதைத் தாண்டக் கூடாது என்ற வழக்கத்தைச் சொல்கிறார். அயல்நாட்டு வணிகர் ஒருவர் அரசனையே அப்படி நிறுத்தியதாகவும் எழுதுகிறார். கோப்பெருஞ்சோழன் தன் மகன்களோடு பகை மூண்டபோது வடக்கிருந்து உயிர்விட்டதும், பிசிராந்தையார் அவனோடு சேர்ந்ததும் சங்கப் பாடல்கள் வழி அறிந்தவை. வடக்கிருத்தல் கடன் கேட்கும் முறையன்று. ஐரிஷ் நோன்போடு அப்படியே பொருத்துவது தவறு. ஆனாலும், தன்னைத் தான் வருத்தி எதிராளியைக் கட்டுப்படுத்துவதோ, வன்முறையில்லாமல் கடனாளியை நிறுத்திவைப்பதோ திராவிட மொழி பேசுவோரிடமும் இருந்தது என்றால், இந்தோ-ஐரோப்பிய மரபுரிமை என்ற ஒரே விளக்கம் போதாது. ஒன்று, வழக்கம் மொழி எல்லை தாண்டிப் பரவியிருக்க வேண்டும். அல்லது வலுவான நீதிமன்றம் இல்லாத சமூகங்களில் அது தானே தோன்ற வேண்டும். டில்லனின் வாதத்துக்கு இந்தச் சோதனை முறையாக நடத்தப்பட வேண்டும்.

ஓரப்பகுதி பழமையைக் காக்கும் என்ற வாந்த்ரியேஸின் கருத்தையும் ஜவ்வாது மலையில் வைத்துப் பார்க்கலாம். இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுகிறவர்கள். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்களுடைய வாய்மொழி மரபு. அந்த மரபில் ஓரளவேனும் உண்மை இருந்தால், மலையின் வழக்கங்களில் சமவெளியிலிருந்து கொண்டுவந்தவை, மலையில் உருவானவை, முன்பிருந்தோரிடம் பெற்றவை என மூன்று அடுக்கு இருக்கும். ஓரத்தில் கிடைத்தது என்ற காரணத்தாலேயே எதையும் ஆதிகாலத்தது என்று சொல்லிவிட முடியாது. அயர்லாந்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இரண்டு வேலை, ஒரு மனிதர்

ஸ்டோக்ஸின் சட்டப் பணியும் மொழிப் பணியும் ஒன்றையொன்று பாதித்தனவா? பழைய இரங்கற் குறிப்புகள் இரண்டையும் தனித்தனியே பாராட்டின. எலிசபெத் பாயிலும் பால் ரசலும் 2011இல் தொகுத்த ஆய்வு நூல் அவரை முழு மனிதராகப் பார்க்க முயன்றது. இரு துறையிலும் அவர் செய்தது சிதறிக் கிடந்த பாடங்களைச் சேர்த்து, ஒப்பிட்டு, ஒழுங்குபடுத்தி அச்சிடுவது என்பது ஒரு பார்வை. காலனிய ஆட்சியின் அறிவுத்துறையில் அவர் ஓர் உறுப்பு, எழுதாத வழக்கத்தை எழுதிய பிரிவுகளாக இறுக்கியவர் என்பது இன்னொன்று.

இரண்டாவது பார்வைக்கு ஜவ்வாது மலை ஓர் உரைகல். 1882ஆம் ஆண்டின் ஐந்தாம் மத்தியச் சட்டம் வசதியுரிமைச் சட்டம். அது தொடக்கத்தில் பொருந்திய மூன்று பகுதிகளுள் சென்னை மாகாணம் ஒன்று. அதன் 18ஆம் பிரிவு, உள்ளூர் வழக்கத்தால் கிடைக்கும் உரிமையை ஏற்கிறது. ஊர்ப் பொதுமேய்ச்சல் நிலத்தில் உழவர் தம் மாடுகளை மேய்க்கும் உரிமையை எடுத்துக்காட்டாகவும் சொல்கிறது. அதே ஆண்டில் சென்னை மாகாணத்தின் ஐந்தாம் சட்டமாக வந்தது வனச் சட்டம். அன்று வடஆற்காடு, சேலம் மாவட்டங்களில் கிடந்த இந்த மலையின் காடுகளில் மேய்ச்சலும் விறகும் இனி அரசின் அனுமதிக்கு உட்பட்டவை ஆயின. முதல் சட்டத்தில் ஸ்டோக்ஸின் கை உண்டு. இரண்டாவது மாகாண அரசினுடையது. வழக்கத்துக்கு ஒரு கையால் இடம்கொடுத்து மறுகையால் எடுத்துக்கொண்ட ஆட்சியில், ஒரு தனிமனிதரின் பங்கைப் பிரித்து அளப்பது எளிதல்ல. மேய்ச்சல், சிறுவன விளைபொருள் உரிமைகள் சட்டத்தின் ஏற்பைப் பெற 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வர வேண்டியிருந்தது.

மதிப்பீடு

தொகுத்துப் பார்த்தால் கேள்வி மூன்றாகப் பிரிகிறது. கெல்டிக் மொழிகளும் சம்ஸ்கிருதமும் ஒரே குடும்பம் என்பது 1853க்குப் பிறகு ஐயத்துக்கு இடமில்லாதது. கல்திட்டைகளால் இரு நாடுகளையும் இணைத்த வாதம் கைவிடப்பட்டது; டால்மென் என்ற பெயர் மட்டும் அதன் மிச்சம். வழக்காறுகள் பற்றிய வாதம் பாதித் திறந்திருக்கிறது: உண்ணாநோன்புக்கும் அரச வாய்மைக்கும் பொது மூலம் இருக்கலாம், இருந்தே தீரும் என்று சொல்லச் சான்று போதவில்லை.

ஸ்டோக்ஸ் இந்தப் பெருங்கோட்பாடுகளில் எதற்கும் தலைவர் அல்லர். அவர் விட்டுச்சென்றவை மூலபாடங்கள்; கோட்பாடுகள் மாறியபோதும் ஒவ்வொரு தரப்பும் அவற்றிடம்தான் திரும்பி வர வேண்டியிருந்தது. அந்த அளவில் அவருடைய பணி மெயினுடையதைவிட நீடித்திருக்கிறது.

இனிச் செய்ய வேண்டியது தமிழ்ப் பக்கத்தில் இருக்கிறது. கடன், பிணை, நோன்பு, சூள் பற்றிக் கல்வெட்டுகளிலும் சங்க இலக்கியத்திலும் கிடைப்பவை ஒரு தொகுதியாகத் திரட்டப்பட வேண்டும்; ஜவ்வாது மலை முதலிய இடங்களில் ஊர்க்கூட்டங்கள் தகராறு தீர்க்கும் முறை, பேசும் மொழியிலேயே பதிவாக வேண்டும்; ஐரிஷ் சட்ட மூலங்களை நேரடியாகப் படிக்கக்கூடிய தமிழ் ஆய்வாளர் சிலரேனும் உருவாக வேண்டும். தமிழ்ப் பல்கலைக்கழகங்களின் மொழியியல், தொல்லியல், சட்டத் துறைகள் சேர்ந்து எடுத்துச் செய்யத்தக்க வேலை இது.